கிழிஞ்ச தோசைய ஒட்டச் சொல்லி அழற புள்ளைய எப்படி சமாளிக்கிறது

காலைல ஏழே முக்கால். எட்டு அஞ்சுக்கு ஸ்கூல் வேன் கேட்டுக்கு வந்துடும். தட்டுல தோசைய வெச்சு, அவசரத்துல நானே ரெண்டா பிச்சும் வெச்சுட்டேன், அவ்ளோதான் நான் பண்ணது. "ஏன் பிச்ச? நான்தான பிக்கணும்! திருப்பி ஒட்டு!"ன்னு ஆரம்பிச்சா என் பொண்ணு, மூன்றரை வயசு. சரி கண்ணு புதுசா ஒண்ணு ஊத்தி தரேன்னேன். புதுசு வேணாமாம், இதையேதான் ஒட்டணுமாம். நானும் ஒரு நிமிஷம் நின்னு, கிழிஞ்ச தோசை ஒட்டாதும்மான்னு விளக்கம் எல்லாம் குடுத்தேன், அதுக்குள்ள அவ சேர்லேர்ந்து வழுக்கி எறங்கி கிச்சன் தரைல மல்லாக்க படுத்து ஃப்ரிட்ஜ காலால உதைக்க ஆரம்பிச்சிட்டா. எங்கம்மா ஹால்லேர்ந்து வந்தாங்க, ஒண்ணுமே பேசல, போன்ல ரைம்ஸ் போட்டு கைல குடுத்தாங்க. ரெண்டு செகண்டுல சத்தம் நின்னுச்சு, கிழிஞ்ச தோசை உள்ள போச்சு, வேனும் கெடச்சுது.

மறுநாள் அதே டைம், அதே தட்டு. நான் கை வைக்கவே இல்ல, தோசைய முழுசா வெச்சேன். அவ தோசைய பாக்கல. போன் எங்க இருக்குன்னு பாத்தா, அப்புறம் என்னைய பாத்தா, அப்புறம் உதட்ட பிதுக்குனா.

அழுத புள்ளதான் பால் குடிக்கும்னு நம்மூர்ல சும்மாவா சொன்னாங்க. புள்ளைங்க அத நம்மள விட நல்லா புரிஞ்சு வெச்சிருக்குங்க. அதுவும் தினமும் கெடைக்கலன்னாலும், பத்து தடவைல ரெண்டு தடவ அழுது கெடச்சிருச்சுன்னா போதும், மிச்ச எட்டு தடவையும் ட்ரை பண்ணிட்டே இருக்கும். ஸ்கின்னர்னு ஒரு சைக்காலஜிஸ்ட் எலி புறாவையெல்லாம் வெச்சு இதத்தான் காட்டுனாரு, எப்பவாவது ஒருதடவ தீனி விழுற பெட்டியத்தான் அதுங்க விடாம தட்டிட்டே இருக்கும்னு. லாட்டரி வாங்குற ஆளுக்கும் அதே கததான். அதனால "அஞ்சு தடவ முடியாதுன்னு சொல்லி ஆறாவது தடவ குடுத்துட்டேன்"ன்னா நாம கத்துக் குடுத்தது ஆறு தடவ அழணும்னு.

இதுல முக்கியமா ஒண்ணு சொல்லிடறேன், இதெல்லாம் அவங்க ப்ளான் போட்டு நம்மள பழி வாங்கறது கெடையாது. ஒன்றரை வயசுலேர்ந்து நாலு வயசு வரைக்கும் இந்த அடம் எல்லா வீட்லயும் உண்டு. ஆசைய அடக்கறது, காத்திருக்கறது, சரி போனா போகுதுன்னு விடறது, இதையெல்லாம் பாத்துக்குற மூளையோட முன்பக்கம் முழுசா வளந்து முடியறதுக்கு இருவது வயசு தாண்டிடும். மூணு வயசுக்கு வாயில வார்த்தையும் பத்தாது, ஆனா ஆசை மட்டும் முழு சைஸ்ல இருக்கும்.

2003ல அமெரிக்காவுல மைக்கேல் போட்டெகல்னு ஒருத்தரும் அவரோட ஆளுங்களும் ஒரு வேலை பண்ணாங்க, 18 மாசத்துலேர்ந்து 60 மாசம் வரைக்கும் உள்ள 335 புள்ளைங்களோட அடத்த அப்பா அம்மாகிட்ட நிமிஷக் கணக்கா எழுதி வாங்குனாங்க. நாலு அடத்துல மூணு, அஞ்சு நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிடுது. நமக்குத்தான் அது அரை மணி நேரம் மாதிரி இருக்கு. அதுல இன்னொரு விஷயம் எனக்கு ரொம்ப யூஸ் ஆச்சு, கத்தறது உதைக்கறது மாதிரி கோவம் எல்லாம் ஆரம்பத்துலயே உச்சத்துக்கு போய் சீக்கிரம் எறங்கிடும், விசும்பற துக்கம் மட்டும் மொதல்லேர்ந்து கடைசி வரைக்கும் ஓடிட்டே இருக்கும், கடைசில மடிய தேடி வரும். கோவம் இருக்கிறப்ப கிட்ட போய் சமாதானம் பண்ணா எகிறும், அது எறங்குற வரைக்கும் சும்மா இருந்தா தானா நம்மகிட்ட வரும்.

அடம்னு பொதுவா சொல்றோம் ஆனா ரெண்டு ரகம் இருக்கு. ஒண்ணு கேட்டது கெடைக்கலன்னு வர்றது, அழும்போதே ஓரக்கண்ணால நீங்க பாக்கறீங்களான்னு பாக்கும், கேட்டது கைக்கு வந்தா டக்குனு நின்னுடும். இன்னொண்ணு தாங்க முடியாம வர்றது. பசி, தூக்கம், வேர்க்குரு, காலைலேர்ந்து ஸ்கூல்ல மிஸ்கிட்ட சமத்தா அடக்கி வெச்ச அழுக எல்லாம் சேந்து வீட்டுக்குள்ள செருப்ப கழட்டும்போது கொட்டும். இந்த ரகத்துக்கு கேட்டத குடுத்தாலும் நிக்காது, வேற ஒண்ணு கேக்கும், அதையும் குடுத்தா அத தூக்கி எறியும். கிழிஞ்ச தோசை மொத நாள் இந்த ரகம் (முந்துன நாள் ராத்திரி கரண்ட் போய் பதினோரு மணி வரைக்கும் யாரும் தூங்கல), ரெண்டாவது நாள் அது மொத ரகமா மாறிடுச்சு, மாத்துனது நாங்கதான். தாங்க முடியாம அழற புள்ளைகிட்ட கண்டிப்பு காட்டி பிரயோஜனம் இல்ல, சோறு ஊட்டி ஃபேன போட்டு படுக்க வைக்கணும். மூணு நாலு வயசுக்கு பகல் தூக்கத்தையும் சேத்து ஒரு நாளைக்கு 10லேர்ந்து 13 மணி நேரம் தூக்கம் வேணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. நம்ம வீடுங்கள்ல சீரியல் முடிஞ்சு பத்தரைக்கு படுத்து காலைல ஆறரைக்கு எழுப்புனா எட்டு மணி நேரம்தான் ஆகுது. அடத்துக்கு மருந்து தேடறதுக்கு முன்னாடி இத ஒருதடவ கூட்டிப் பாருங்க. என் பொண்ண ஒன்பதுக்கு படுக்க வைக்க ஆரம்பிச்சதும் காலை ரகளைல பாதி காணாம போச்சு, மத்த எந்த டெக்னிக்கும் இவ்ளோ சீக்கிரம் வேலை செய்யல.

சரி, இப்ப தரைல உருண்டுட்டு இருக்கு. என்ன பண்றது?

மொதல்ல பக்கத்துல இடிச்சுக்கற மாதிரி, சுடற மாதிரி என்ன இருக்குன்னு பாத்து நகத்துங்க. அப்புறம் நீங்க கீழ உக்காருங்க, மேலேர்ந்து குனிஞ்சு பேசுனா அதுக்கு பயமா இருக்கும், நமக்கும் நின்னுட்டு இருந்தா கை ஓங்க வாட்டமா இருக்கும், உண்மைய சொன்னா. ஒரே ஒரு வரி சொல்லுங்க: "தோசை கிழிஞ்சது உனக்கு கோவம். புரியுது." அவ்ளோதான். "ஏன் அழற, இப்ப என்ன ஆயிடுச்சு, பெரிய பொண்ணு இப்படி அழலாமா, பக்கத்து வீட்டு பையன பாரு"ன்னு லிஸ்ட் போடாதீங்க, அந்த நேரத்துல காதுல எதுவும் ஏறாது, ஒவ்வொரு கேள்வியும் எண்ணெய் ஊத்துற மாதிரிதான். பக்கத்துல உக்காந்து துணி மடிங்க, பீன்ஸ் நறுக்குங்க. போன மட்டும் எடுக்காதீங்க, அத பாத்தா அதுக்கு வேற ஆசை வந்துடும். கோவம் எறங்கி அழுக சத்தம் மாறும், "அப்பாஆஆ"ன்னு ஒரு இழுவை வரும், அப்ப கைய நீட்டுங்க. கட்டிக்கிட்டா முதுக தடவி குடுங்க, தண்ணி குடுங்க. கட்டிப் புடிச்சா செல்லம் குடுத்த மாதிரி ஆயிடுமேன்னு பல பேர் கேக்கறாங்க, ஆகாது. கேட்ட பொருளத்தான் குடுக்கக் கூடாது, மடிய குடுக்கலாம்.

அழுது முடிச்சப்புறம் பாடம் எடுக்காதீங்க. அத சாயங்காலம் இல்லன்னா மறுநாள் வெச்சுக்கலாம், அதுவும் கதையா, "அன்னைக்கு ஒரு பாப்பாவோட தோசை கிழிஞ்சு போச்சாம், அந்த பாப்பா என்ன பண்ணிருக்கலாம்?"ன்னு. என் பொண்ணு சொன்ன பதில், "அவங்கப்பா கேட்டுட்டு பிச்சிருக்கலாம்." அதுவும் நியாயந்தான். இப்ப கேட்டுட்டுதான் பிக்கறேன்.

அடுத்தது ரொம்ப பேர் கோட்டை விடற இடம். இனிமே அழுதா போன் கெடையாதுன்னு முடிவு பண்ணீங்கன்னா, மொத ரெண்டு மூணு நாள் கொறையாது, ஏறும். லிஃப்ட் வரலன்னா நாம பட்டன ஒரு தடவ அமுக்கிட்டு விடறோமா, டொக்கு டொக்குனு பத்து தடவ அமுக்குவோம்ல, அதே மாதிரி புள்ளையும் இது வேலை செஞ்சிட்டு இருந்துச்சே இப்ப ஏன் செய்யலன்னு இன்னும் பலமா அமுக்கி பாக்கும். எங்க வீட்ல மூணாவது நாள் கீழ் ஃப்ளோர் ஆன்ட்டி மேல வந்து கேட்டாங்க, புள்ளைக்கு என்னாச்சு, காது வலியான்னு. அன்னைக்கு குடுத்திருந்தா, இவ்ளோ சத்தம் போட்டாதான் கெடைக்கும்னு புது ரேட் ஃபிக்ஸ் ஆயிருக்கும். கீழ் வீட்டு மேல் வீட்டுக்காரங்ககிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, ஒரு வாரம் கொஞ்சம் சத்தமா இருக்கும்னு, அவங்களும் புள்ள வளத்தவங்கதான். எங்களுக்கு எட்டு நாள் ஆச்சு, ஒம்பதாவது நாள் கிழிஞ்ச தோசைய பாத்து "பரவால்ல"ன்னு சொன்னா. பத்தாவது நாள் சட்னி தோசைய தொட்டுடுச்சுன்னு அழுதா, அது வேற கத.

போன் பத்தி பேசுனதால இத சொல்லிடறேன், ரெண்டு வயசுக்குள்ள ஸ்க்ரீனே வேணாம், ரெண்டுலேர்ந்து அஞ்சு வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல வேணாம்னு நம்ம நாட்டு குழந்தைகள் டாக்டருங்க சங்கம் ஐஏபி 2021ல சொல்லிருக்கு. ஒரு மணி நேரத்த எப்ப குடுக்கறதுன்னு நீங்க முடிவு பண்ணுங்க, அழுக முடிவு பண்ணக் கூடாது. சாயங்காலம் அஞ்சுலேர்ந்து அஞ்சரைன்னு வெச்சா அது போன் டைம், அப்ப அழாமலே கெடைக்கும். நிறுத்தும்போது ரகளை வரும்னா நேரத்த சொல்லாதீங்க, அதுக்கு அஞ்சு நிமிஷம்னா என்னன்னு தெரியாது. "இந்த பாட்டு முடிஞ்சதும் நீயே ஆஃப் பண்ணி அப்பாகிட்ட குடு"ன்னு சொல்லுங்க. பட்டன அவங்க அமுக்கற வரைக்கும் பாதி பிரச்சன இல்ல.

இப்ப இந்த "மாட்டேன்" விஷயம். குளிக்க வா, மாட்டேன். செருப்பு போடு, மாட்டேன். நாம பேசற விதத்துலயே கோளாறு இருக்கு. "செல்லம், குளிக்கப் போலாமா?"ன்னு கேப்போம். கேள்வி கேட்டா வேணாம்னு ஒரு பதிலும் இருக்குல்ல, அது சொல்லிடுச்சு, ஒடனே "என்ன எதிர்த்து பேசற"ன்னு நாம கத்துவோம். வேணாம்னு சொல்ல சான்ஸ் இல்லாத விஷயத்த கேள்வியா கேக்காதீங்க. கிட்ட போய், தோள தொட்டு, கண்ண பாத்து, "குளிக்கற நேரம் ஆச்சு. சொம்ப நீ எடுக்கறியா, சோப்ப எடுக்கறியா?" சாய்ஸ் எல்லாம் சொம்புக்கும் சோப்புக்கும்தான், குளியலுக்கு இல்ல. சொல்லிட்டு மனசுக்குள்ள பத்து எண்ணுங்க. சின்ன புள்ளைக்கு காதுல விழுந்தது காலுக்கு போறதுக்கு கொஞ்சம் நேரம் ஆகும், நாம மூணாவது செகண்டே ரெண்டாவது தடவ சொல்லி, அஞ்சாவது செகண்டுல வால்யூம் ஏத்திடறோம். கிச்சன்லேர்ந்து ஹாலுக்கு கத்தி சொல்றது சொன்ன கணக்குலயே வராது.

அப்புறம் தமிழ்ல ஒரு சின்ன மேட்டர் இருக்கு, நானா கவனிச்சது. "ஓடாத"ன்னு சொல்லும்போது "ஓடு"ங்கறதுதான் மொதல்ல வருது, வேணாங்கறது வால்ல இருக்கு, பாதி கேட்ட புள்ள ஓடத்தானே செய்யும். "நட", "மெதுவா", "கைய புடி"ன்னா வேலை முடிஞ்சுது. அதே மாதிரி "-லன்னா" போட்டு பேசறத கொறைங்க. "செருப்பு போடலன்னா கீழ போக மாட்டோம்"ங்கறதும் "செருப்பு போட்டதும் கீழ போலாம்"ங்கறதும் ஒரே விஷயந்தான், ஆனா மொதல்லது சண்டைக்கு கூப்பிடற மாதிரி இருக்கு, ரெண்டாவது பார்க்குக்கு கூப்பிடற மாதிரி. ஒரு நாள் பூரா நீங்க எத்தன "-லன்னா" சொல்றீங்கன்னு எண்ணிப் பாருங்க, நான் எண்ணேன், சாயங்காலம் ஆறு மணிக்குள்ள முப்பது தாண்டிடுச்சு, எண்ணறத விட்டுட்டேன்.

நடக்காத மெரட்டல் வேணவே வேணாம். "உன்ன இங்கயே விட்டுட்டு போயிடுவேன்", "பூச்சாண்டிகிட்ட புடிச்சு குடுத்துடுவேன்", "டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போட சொல்றேன்", இதெல்லாம் ரெண்டு தடவ வேலை செய்யும், அப்புறம் இவங்க சும்மா சொல்றாங்கன்னு தெரிஞ்சிடும், இல்லன்னா நெஜமாவே நம்பி ராத்திரி பயந்து அழும். போலீஸ்காரர் புடிச்சுட்டு போவாருன்னு சொல்லாதீங்க ப்ளீஸ், நாளைக்கு டி.நகர் கூட்டத்துல தொலஞ்சா அது போய் நிக்க வேண்டியதே ஒரு போலீஸ்காரர்கிட்டதான்.

இதெல்லாம் அழும்போது செய்யற வேலை, ஆனா அசல் வேலை அழாதப்ப இருக்கு. நல்லா கவனிச்சீங்கன்னா, புள்ள சமத்தா பிளாக்ஸ் அடுக்கிட்டு இருக்கிறப்ப நாம ஓசப்படாம நகந்து போய் ஆபீஸ் மெயில் பாப்போம், "அப்பாடா சும்மா இருக்கு"ன்னு. சத்தம் போட்டதும் ஓடி வருவோம். பாலு எப்ப கெடைக்குது பாத்துக்கோங்க. இத திருப்பிப் போடணும். பீசிஐடின்னு, அப்பா அம்மாவையும் புள்ளையையும் சேத்து வெச்சு பண்ற ஒரு சிகிச்சை முறை இருக்கு, 1970கள்ல ஷீலா ஐபெர்க்னு ஒரு அமெரிக்க சைக்காலஜிஸ்ட் உருவாக்குனது, அதுல அப்பா அம்மாவுக்கு குடுக்கற ஹோம்வொர்க்கே தினமும் அஞ்சு நிமிஷம் புள்ளையோட விளையாடறதுதான். அஞ்சே அஞ்சு நிமிஷம், ஆனா அதுக்குள்ள உத்தரவு போடக் கூடாது, கொற சொல்லக் கூடாது, கேள்வியும் கேக்கக் கூடாது. கடைசிதான் நமக்கு கஷ்டம். புள்ள கார எடுத்தா போதும், "இது என்ன கலர், எத்தன சக்கரம், இங்கிலீஷ்ல சொல்லு"ன்னு எல்கேஜி இன்டர்வியூ நடத்த ஆரம்பிச்சிடுவோம். அதுக்கு பதிலா கிரிக்கெட் கமென்ட்ரி மாதிரி சொல்லிட்டே இருங்க, "ஓ, செவப்பு காரு பாலத்து மேல ஏறுது, ஐயோ பின்னாடி லாரி வருது." ஆபீஸ்லேர்ந்து ஓஎம்ஆர் ட்ராஃபிக்ல ஒன்றரை மணி நேரம் உக்காந்துட்டு வந்து இத பண்ண மனசே வராது, நெஜம். நான் வண்டிய பார்க் பண்ணிட்டு அதுலயே ரெண்டு நிமிஷம் சும்மா உக்காந்துட்டு அப்புறம்தான் மேல போவேன்.

பாராட்டும்போதும் "சமத்து, குட் கேர்ள்"னு பொதுவா விடாம என்ன பண்ணுச்சோ அத சொல்லுங்க, "தம்பி பொம்மைய புடுங்குனப்ப நீ அடிக்காம என்கிட்ட வந்து சொன்ன பாரு." எங்க பாட்டி இதுக்கு ஒத்துக்கவே மாட்டாங்க, மூஞ்சிக்கு நேரா புகழ்ந்தா கண்ணு பட்டுடும்னு. சரி பாட்டி, சாயங்காலம் மிளகா சுத்தி போட்டுக்கலாம், இப்ப சொல்லிக்கறேன்னு சொல்லி சமாளிச்சேன்.

வீட்ல நாலு பெரியவங்க இருந்தா நாலு சட்டம் இருக்கும். அம்மா முடியாதுன்னா அப்பாகிட்ட, அப்பா முடியாதுன்னா தாத்தாகிட்ட, தாத்தா பாக்கெட்ல எப்பவும் ஒரு தேன் மிட்டாய் இருக்கும். பெரியவங்கள புள்ள முன்னாடி "ஏம்மா குடுத்த"ன்னு கேட்டா சண்டைதான் வரும், புள்ளையும் அத வேடிக்க பாத்து கத்துக்கும். நான் எங்கம்மாகிட்ட ராத்திரி புள்ள தூங்குனப்புறம் உக்காந்து பேசுனேன். எல்லாத்தையும் மாத்துங்கன்னு சொல்லல, ரெண்டே ரெண்டு விஷயம் கேட்டேன்: அழும்போது போனும் மிட்டாயும் குடுக்கக் கூடாது, அவ யாரயாவது அடிச்சா சிரிக்கக் கூடாது. மத்தபடி கத சொல்றது, நெய் சோறு ஊட்டறது, சாயங்காலம் பார்க்குக்கு கூட்டிட்டு போறதெல்லாம் உங்க இஷ்டம்னேன். "உன்னையெல்லாம் நான் இப்படியா வளத்தேன், ஒரு பார்வ பாத்தா போதும்"னாங்க. பார்வ மட்டும் இல்லம்மா, கரண்டிக்காம்பும் இருந்துச்சுன்னேன். சிரிச்சிட்டாங்க.

அடிக்கிறத பத்தி. அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்னு கேட்டு வளந்த ஆளுங்கதான் நாம. நானும் ஒரு தடவ அடிச்சிருக்கேன், மழ நாள், ஷூ போட மாட்டேன்னு அரை மணி நேரம், சட்டுனு தொடைல ஒண்ணு வெச்சுட்டேன். ஒடனே அழுக நின்னு ஷூ போட்டுக்கிச்சு. வேலை செஞ்சிடுச்சுல்ல, அதான் ஆபத்து, ஏன்னா நமக்கும் பால் கெடச்சிடுது, அடுத்த தடவ கை தானா எழும்பும். அன்னைக்கு சாயங்காலம் பொம்மைய உக்கார வெச்சு "ஷூ போடுவியா மாட்டியா"ன்னு அது தொடைல அடிச்சிட்டு இருந்தா. 2018ல அமெரிக்க குழந்தைகள் டாக்டருங்க சங்கம் அடிக்கவே வேணாம்னு தெளிவா சொல்லிடுச்சு, அடி வாங்குன புள்ளைங்க நாளாக நாளாக இன்னும் முரட்டுத்தனமாதான் ஆகுதுன்னு. அடிச்சுட்டீங்கன்னா போய் சாரி கேளுங்க, அப்பா கோவத்துல தப்பு பண்ணிட்டேன்னு சொல்றதுல மரியாத ஒண்ணும் கொறையாது.

புள்ள உங்கள அடிச்சா, கடிச்சா? கைய புடிச்சு நிறுத்துங்க, இறுக்காம. "அடிக்க விட மாட்டேன்." சின்ன கொரல்ல, சிரிக்காம. மூணு வயசு தாண்டுன புள்ளையா இருந்தா, திருப்பியும் அடிச்சா, ஹால் மூலைல ஒரு சேர்ல வயசுக்கு ஒரு நிமிஷம் கணக்குல உக்கார வைக்கலாம், மூணு வயசுன்னா மூணு நிமிஷம், நீங்க கண்ணுக்கு தெரியற தூரத்துலயே இருங்க. பாத்ரூம்ல போட்டு லைட்ட அணைக்கறது, பால்கனில வெச்சு கதவ சாத்தறதெல்லாம் கூடவே கூடாது. அதுவும் அடிக்கறதுக்கு கடிக்கறதுக்கு மட்டும்தான் இந்த சேர், சாப்பிடலன்னா அழுதா எல்லாத்துக்கும் சேர்ல உக்கார வெச்சீங்கன்னா சேருக்கு மதிப்பு போயிடும்.

வெளிய போனா இன்னும் கஷ்டம், ஏன்னா ஊரே வந்துடும். சூப்பர் மார்க்கெட்ல பில் போடற எடத்துல சாக்லேட்ட எங்க வெச்சிருக்காங்கன்னு பாருங்க, கரெக்டா மூணு வயசு புள்ளையோட கண்ணு மட்டத்துல இருக்கும். உள்ள போறதுக்கு முன்னாடி வாசல்லயே நின்னு சொல்லிடுங்க, "இன்னைக்கு பாலும் துவரம்பருப்பும் மட்டும்தான். வண்டிய நீ தள்ளு." கைக்கு ஒரு வேலை இருக்கணும். அப்படியும் படுத்துடுச்சுன்னா கூடைய அப்படியே ஓரமா வெச்சுட்டு தூக்கிட்டு வெளிய வந்துடுங்க. பருப்பு அப்புறம் வாங்கிக்கலாம். தி.நகர் கூட்டத்துல, பஸ்ல, மின்சார ரயில்ல எல்லாம் விட்டுட்டு பாக்காத மாதிரி நிக்கறது நடக்காத காரியம், தூக்கித்தான் ஆகணும், முதுகு உங்க நெஞ்சுல படற மாதிரி திருப்பி தூக்குனா உதை உங்க மேல விழாது. வழில ஒரு அக்கா கண்டிப்பா வருவாங்க, "ஏன் சார் பச்ச மண்ண அழ விடறீங்க, இந்தா பாப்பா"ன்னு பைலேர்ந்து பிஸ்கெட் எடுப்பாங்க. கோவப்படாதீங்க, நல்ல மனசுதான். "தேங்க்ஸ்க்கா, ரெண்டு நிமிஷத்துல சரியாயிடும், நீங்க போங்க"ன்னு சிரிச்சிட்டே சொல்லிட்டு நகந்துடுங்க. பெசன்ட் நகர் பீச்ல எனக்கு பெரிய தலவலியா இருந்தது அந்த ரோஸ் கலர் பஞ்சு மிட்டாய், 2024 பிப்ரவரில ரோடமின் பி சாயம் இருக்குன்னு கவர்மென்டே தட பண்ணிட்டாங்க, எனக்கு அன்னைக்கு வந்த நிம்மதி சொல்லி மாளாது. பலூன்காரர்தான் பாக்கி.

கோடைல, அதுவும் அக்னி நட்சத்திரம் நடக்கற சமயத்துல, பத்து மணிக்கு மேல நாலு மணிக்குள்ள சின்ன புள்ளைய ஷாப்பிங் கூட்டிட்டு போயிட்டு அடம் பண்ணுதுன்னு புலம்பாதீங்க, நமக்கே அழணும் போலதான் இருக்கும்.

சில புள்ளைங்க அழும்போது மூச்ச புடிச்சிக்கும். வாய தொறந்து சத்தமே வராம, உதடு நீலமாயி, சில சமயம் மயக்கமாயி தொவண்டுடும், பாக்கற நமக்கு உயிர் போயிடும். இது வேணும்னு பண்றது கெடையாது. கீழ ஒருக்களிச்சு படுக்க வைங்க, குலுக்காதீங்க, வாயில தண்ணி ஊத்தாதீங்க, விரலையோ ஸ்பூனையோ உள்ள விடாதீங்க, பெரும்பாலும் ஒரு நிமிஷத்துக்குள்ள தானா மூச்சு வந்துடும். வரலன்னா, இல்ல கை கால் வெட்டிட்டே இருந்தா, 108. தானா சரியாயிட்டாலும் மொத தடவ வந்தா கண்டிப்பா டாக்டர்கிட்ட காட்டணும், வலிப்பா, இல்ல மூச்ச புடிச்சிக்கறதுதானான்னு பிரிச்சு பாக்கணும், ரத்தத்துல இரும்புச்சத்து கொறைவா இருக்கிற புள்ளைங்களுக்கு இது அதிகமா வரும், அத டெஸ்ட் பண்ணி மருந்து குடுத்தா நெறைய பேருக்கு கொறஞ்சிடுது. மூச்சு புடிச்சிக்குமேன்னு பயந்து கேட்டதெல்லாம் குடுக்க ஆரம்பிச்சா அது தனி சிக்கல்.

எப்ப டாக்டர்? அடம் அடிக்கடி 25 நிமிஷத்துக்கு மேல போகுது, தினமும் பல தடவ வருது, தலைய செவுத்துல முட்டி தன்னையே காயப்படுத்திக்குது, யார் என்ன பண்ணாலும் தானா அடங்கத் தெரியல, அஞ்சு வயசாகியும் கொறையல, இதுல ஏதாவது இருந்தா வெயிட் பண்ணாதீங்க. கூப்பிட்டா திரும்பல, பேச்சு வரல, வந்த பேச்சு நின்னுடுச்சுன்னா அடத்துக்காக இல்ல, அதுக்காகவே ஒடனே போகணும், காது சரியா கேக்கலன்னாலே சில புள்ளைங்க சொன்ன பேச்சு கேக்காத மாதிரிதான் இருக்கும். மொதல்ல உங்க குழந்தை டாக்டர்கிட்ட போங்க. எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரி இருக்கு, கவர்மென்ட், காசு செலவு இல்ல, காலைலயே போயிடணும், கூட்டம் இருக்கும். வளர்ச்சில சந்தேகம்னா முட்டுக்காட்டுல ஈசிஆர் மேல மத்திய அரசோட மாற்றுத்திறனாளிகள் நிறுவனம் இருக்கு, சின்ன வயசுலயே பாத்து பயிற்சி குடுக்கற பிரிவு அங்க உண்டு. புள்ளைய விட உங்களுக்குத்தான் முடியல, கை ஓங்கிடுவோமோன்னு பயமா இருக்குன்னாலும் 14416க்கு போன் பண்ணலாம், டெலி மானஸ்னு கவர்மென்ட் மனநல ஹெல்ப்லைன், ஃப்ரீதான், தமிழ்லயே பேசலாம்.

டாக்டர்கிட்ட போகும்போது ஒரு வாரம் எழுதிட்டு போங்க, எத்தன மணிக்கு வந்துச்சு, அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு, எத்தன நிமிஷம், கடைசில யாரு என்ன குடுத்தாங்க. பழைய டைரி போதும். அங்க போனா புள்ள தங்கம் மாதிரி உக்காந்திருக்கும், நாம சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க, அதனால முடிஞ்சா ஒரு நிமிஷம் வீடியோ எடுத்து வைங்க, காட்டிட்டு அழிச்சிடுங்க. ஃபேமிலி க்ரூப்ல மட்டும் போடாதீங்க, எங்க சித்தப்பா போட்டாரு, இன்னைக்கு வரைக்கும் அவர பாத்தா என் பொண்ணு சோஃபா பின்னாடி போய் ஒளிஞ்சுக்கறா.